கோட்டைக் குதிரைக்கு உடம்பு எப்படி?

எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத நோயாளியும், உடனே சொல் என்று கழுத்தைப் பிடிக்கும் எசமானும் சேர்ந்து வாய்க்கிற தொழில் இது ஒன்றுதான். ஆடு, மாடு, குதிரை என்று எதையாவது கட்டிக்கொண்டு மாரடிக்கும் அன்பர்களே, உங்களுக்குப் புரியும். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் நான் குதிரைக்காரன்.

லத்தி தரிசனம்

கோட்டைக் கப்பித்தானுக்குக் குதிரைதான் உயிர். தின்றதா, குடித்ததா, லத்தி போட்டதா என்று தினமும் காலையில் துபாஷியை விட்டுக் கேட்பார். வாய்ச்சொல் போதாது; லத்தியை முறத்தில் ஏந்திக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அவர் குனிந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் எனக்குக் கஞ்சி. முறமும் கையுமாகப் போன என்னை ஒருநாள் என் மனைவி பார்த்துவிட்டாள்.

“ஏன்யா, வூட்ல நாலு பெத்து வெச்சிருக்கியே, ஒண்ணாவது ஒழுங்கா வெளிக்கிப் போச்சான்னு ஒரு நாளு கேட்டிருப்பியா?”

செவுள் எங்கே?

திடீரென்று குதிரை கொள்ளைத் தொடவில்லை. லாயத்துச் சுவரை நக்கியது, வியர்த்திருந்த என் கையை நக்கியது. கப்பலில் வரப்போகும் பெரிய துரை இந்தக் குதிரையில்தான் கோட்டையைச் சுற்றிவருவார், அன்று அது தெம்பாக நிற்காவிட்டால் உனக்கு வேலை இல்லை என்று கப்பித்தான் சொல்லிவிட்டார்.

மீன் கொண்டுவரும் கோட்டைக்குப்பத்து அஞ்சலை என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, கூடையை இறக்கிவிட்டு வந்தாள். குதிரையின் கண்ணைப் பார்த்தாள், தெளிவு என்றாள். விலாவைக் கட்டைவிரலால் அழுத்தினாள், கெட்டி என்றாள். பிறகு காதைத் தூக்கிப் பார்த்தாள், தாடைக்கு அடியில் துழாவினாள். குதிரை அவள் முகத்திலேயே தும்மியது.

“செவுளே இல்லாத ஜந்துவ நல்லதா கெட்டதான்னு எப்டிய்யா பாக்கறது?”

காய்கிற இடத்தில்

தினமும் குதிரையை ஏரிக்கரையில் நடத்திப் போவேன். வழியில் பசியாவரத்துப் படகுக்காரர்களோடு நின்று ஊர்வம்பு பேசுவேன். ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் திரும்பிப் பார்த்தால், அஞ்சலை காயப்போட்டிருந்த கருவாட்டைக் குதிரை ரசித்துத் தின்றுகொண்டிருந்தது! அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது தேடியது உப்பை. அன்றே கொள்ளில் ஒரு பிடி உப்புக் கலந்தேன். தொட்டி வரை வழித்து நக்கிவிட்டது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது. அஞ்சலைக்கும் அழுகைதான், காரணம் வேறு.

“காக்கா, பூன, நாயி எல்லாத்துக்கும் காவல் வெச்சேனே, குதிரைக்கும் வெக்கணும்னு எவன் சொன்னான்?”

பெரிய துரையின் சவாரி

துரை வந்த அன்று குதிரை பளபளவென்று நின்றது. கப்பித்தான் என் தோளைத் தட்டினார். துரை ஏறினார். குதிரை சிப்பாய் வரிசையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, நேராக அஞ்சலையின் கருவாட்டில் போய் வாய் வைத்தது. பின்னாலேயே ஓடிய கப்பித்தான் என்னைப் பார்த்த பார்வையில் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

துரை இறங்கினார். ஒரு கருவாட்டை எடுத்து மோந்தார், கடித்தார், கண்ணை மூடி மென்றார். பிறகு ஏதோ சொன்னார். துபாஷி எனக்குச் சொன்னார்:

“அவுங்க ஊர்லயும் மீனக் காயவெச்சுத் திம்பாங்களாம், இத்தக் கண்டுபுடிச்ச குதிரையையும் மாத்தக் கூடாது, குதிரக்காரனையும் மாத்தக் கூடாதுன்றாரு.”

ஆகவே அன்பர்களே, பிராணியின் உடம்பை நாம் எவ்வளவு கவனித்தாலும், நம் பிழைப்பு ஓடுவது எசமானின் நாக்கு ருசியில்தான்.