லாபத்தில் நின்ற பெயர்

எட்டாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையில் என் கையால் ஒரு பேய் உண்டானது. மந்திரம் தந்திரம் ஒன்றும் இல்லை. எழுபது வரி சி பிளஸ் பிளஸ், அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் அப்போது இருந்தது ஒரே ஒரு மடிக்கணினி. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவள் அதைத் துணி போட்டு மூடி வைப்பாள். அவள் டியூஷனுக்குப் போனதும் துணியை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நான் அதைத் திறப்பேன். அவளுடைய செய்முறை நோட்டில் மெனு புரோகிராம் என்று ஒன்று இருந்தது. ஒன்றை அழுத்தினால் பெயர் சேரும், இரண்டை அழுத்தினால் பெயர் நீங்கும், மூன்றுக்குப் பட்டியல், நான்குக்கு முடிவு. பார்த்துப் பார்த்து அடித்தேன். பாதி புரிந்தது. புரியாத பாதியை நானே இட்டுக்கட்டினேன். ஓடியது. ஓடுகிற புரோகிராம் எல்லாம் சரியான புரோகிராம் என்று நம்பும் வயது அது.

அம்மாவின் தம்பி, என் மாமா, செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு கேட்டுக்குக் காவல் இருந்தார். கேட்டைத் தாண்டினால் ஒற்றையடிப் பாதை, ஓடை, ஓடையோரம் ஒரு சின்னக் கோயில். உள்ளே போகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதுவார். திரும்பி வரும்போது அந்த வரியை அடிப்பார். மாலை ஐந்துக்கு எல்லா வரியும் அடிபட்டிருந்தால்தான் பூட்டலாம். அதற்குமேல் தண்ணீருக்கு யானை இறங்கும் இடம் அது. மாமாவின் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். எழுதியவருக்கே சில நேரம் படிக்க வராது. நான் போய் அவர் கஷ்டத்தைத் தீர்ப்பது என்று முடிவெடுத்தேன்.

வீட்டுக்கு வந்த மாமாவை உட்கார வைத்து விளக்கினேன். பெயர்கள் வரிசையாகப் போட்ட பெட்டிகளில் உட்காரும், அதற்கு அரே என்று பெயர். லூப் என்பது அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிற ஆள். முதல் பெட்டியின் எண் பூஜ்யம்.

"மொத பெட்டிக்குச் சைபரா? ஒண்ணுன்னு சொன்னா என்னட்டி கொள்ளை போவுது?" என்றார். பிறகு அவரே தலையாட்டினார். "ஓ, லாபமா? சரி சரி."

மாமா இளவட்டத்தில் வன்னியம்பட்டிக் களத்தில் நெல் அளந்தவர். அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். "லாபம்" என்று சொல்லித்தான் சாக்கில் கொட்டுவார்கள். பிறகுதான் இரண்டு, மூன்று. அன்றிலிருந்து என் பூஜ்யப் பெட்டிக்கு மாமா வைத்த பெயர் லாபம். எனக்கு அது அவமானமாக இருந்தது. கணினியில் போய் நெல் அளக்கிறாரே என்று நினைத்தேன்.

வீட்டு ஆட்கள் பெயரையெல்லாம் உள்ளே போட்டுச் சோதித்தேன். பட்டியல் அழகாக வந்தது. அடியில் ஒரு வரி காலியாக விழுந்தது, அதுவும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வெளியே அனுப்பும் இரண்டாம் எண்ணை மட்டும் நான் சோதிக்கவில்லை. நம் வீட்டு ஆட்களை நாமே எதற்குப் பெயர் சொல்லி வெளியே அனுப்ப வேண்டும் என்று மனசு ஒப்பவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அக்காவிடம் கெஞ்சி வாங்கிய மடிக்கணினியோடு என்னை அப்பா கேட்டில் இறக்கிவிட்டுப் போனார். அதற்குள் நோட்டில் நான்கு வரிகள் ஏறியிருந்தன. மாமா வாசிக்க வாசிக்க அவற்றை முதலில் அடித்தேன். பிறகு நோட்டை மூடி அதன்மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டோம். கூட்டமாக வந்தால் ஒருவர் பெயர் போதும் என்பது மாமாவின் வழக்கம். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வருகிறவர்களை "பேரு?" என்று கேட்டேன். மீசை வைத்த ஆட்கள்கூட எனக்குப் பதில் சொன்னார்கள். தலைக்கனம் ஏற வேறென்ன வேண்டும்!

நண்பகலில் இராஜபாளையத்திலிருந்து ஒரு வேன் வந்தது. தங்களுக்குள் தெலுங்கு பேசிக்கொண்ட பெரிய குடும்பம். மூத்த அம்மாள் தன் பெயர் மாரியம்மாள் என்றார். எங்கள் பக்கத்தில் கடைத்தெருவில் நின்று மாரியம்மா என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், அவ்வளவு சகஜமான பெயர். அந்தக் குடும்பம்தான் கடைசியாக வெளியே வந்தது, ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது. அந்த அம்மாள் என் கையில் மீதிக் காராச்சேவைப் பொட்டலத்தோடு கொடுத்துவிட்டு வேனில் ஏறினார். இரண்டை அழுத்தி அவர் பெயரை அடித்து வெளியே அனுப்பினேன். மாமா பூட்டோடு வந்தார். கூடக் காவல் இருந்த இன்னொருவரும் வந்தார். ஆள் இல்லாத பட்டியலைக் காட்டிப் பெயர் வாங்க, மூன்றை அழுத்தினேன்.

உள்ளே இருப்பவர்: மாரியம்மாள்.

"அவிய இப்பத்தானட்டி போனாக? அவிய குடுத்த சேவு இன்னும் உன் வாயில கெடக்கு" என்றார் மாமா.

மறுபடி இரண்டை அழுத்தி, பெயரை அடித்து, வெளியே அனுப்பினேன். மூன்றை அழுத்தினால், மாரியம்மாள். இன்னொரு தடவை அனுப்பினேன். மாரியம்மாள். எழுத்து எழுத்தாகப் பார்த்து நாலாம் தடவையும் அனுப்பினேன். அந்தப் பெயர் போக மறுத்தது. கூட இருந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் வந்தது வெட்கம். வெட்கம் மெல்ல வேறொன்றாக மாறியது. உள்ளேயிருந்து யாரோ அந்தப் பெயரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், நான் தள்ளத் தள்ள அங்கே பிடி இறுகுகிறது என்று தோன்றியது. காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த மலை அணில்கள் எப்போது நிறுத்தின என்று தெரியவில்லை. வாயில் இருந்த சேவை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மாமா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"எந்தப் பெட்டியில நிக்கா?"

"சைபர்ல மாமா."

"லாபத்துலயா?" என்று நிமிர்ந்தார். "லாபத்துல நின்னா காலைல மொத வந்த ஆளால்லட்டி இருக்கணும்?"

தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டு நோட்டைத் திறந்தார். முதல் வரி: மாரியம்மாள், மடவார் வளாகம், ஒரு ஆள்.

மாமாவின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. "இது வேற மாரியம்மா. எட்டு மணிக்கே தனியா வந்தவிய" என்றார். பூட்டை மேசையில் வைத்துவிட்டு டார்ச்சையும் கம்பையும் எடுத்தார். மடிக்கணினியோடு என்னைக் காவல் அறைக்குள் தள்ளி, "தாப்பாளப் போட்டுக்கோ. நான் கூப்பிடாம தொறக்காத" என்று சொல்லிவிட்டு இருவரும் ஓட்டமும் நடையுமாகப் பாதையில் போனார்கள்.

காவல் அறையில் ஒரு பல்பு உண்டு, பிளக் பாயிண்ட் கிடையாது. மடிக்கணினியில் சார்ஜ் பதினோரு சதவீதம் என்று காட்டியது. எனக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது. இந்தப் பெயர் அணைந்தால் அந்தப் பெண் கிடைக்கமாட்டார். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், அப்போது அது எனக்குச் சத்தியமாகத் தெரிந்தது. திரையின் வெளிச்சத்தை எழுத்து தெரிகிற அளவுக்குக் குறைத்தேன். பல்பையும் அணைத்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, பயத்தில் எல்லாமே சிக்கனமாகப் பட்டது. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. ஒன்பது. எட்டு. தொலைவில் கிளை ஒன்று ஒடிந்தது. ஆறு. அந்த இருட்டு அறையில் நானும் அந்தப் பெயரும் மட்டும் இருந்தோம். அவர் எங்கோ ஓடையோரம் இருக்கிறார் என்று அறிவு சொன்னது. என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று முதுகு சொன்னது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

நாலு சதவீதத்தில் மாமாவின் குரல் கேட்டது.

கதவைத் திறந்தேன். இருவருக்கும் நடுவில் ஒரு பெண் நின்றார். அம்மாவைவிட இளையவர். சேலை இடுப்பு வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. வெறுங்கால். அவருடைய செருப்பு, மாமாவோடு போன காவலர் கையில் இருந்தது. செருப்பு நனையவே இல்லை. அதே கையில் முடிச்சுப் போட்ட ஒரு கைக்குட்டையும் இருந்தது. அந்தப் பெண்ணின் காதில் கம்மல் இல்லை, வெறும் துளைதான். காட்டில் திருடர் பயம் என்று கழற்றி முடிந்து வைத்திருக்கிறார், கெட்டிக்காரிதான் என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"வழி தப்பி, கசத்துப் பக்கம் போயிட்டாக" என்றார் மாமா. கசம் என்பது ஓடையில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமுள்ள இடம். கோயிலுக்கு நேர் எதிர்ப்பக்கம். எப்படித்தான் அவ்வளவு பெரிய பாதையைத் தப்பவிட்டாரோ என்று எனக்கு இளக்காரமாக இருந்தது.

அந்தப் பெண் முதல் முறையாக வாயைத் திறந்தார். "நான் உள்ள இருக்கேன்னு யாரு சொன்னது?"

"இந்தா, இவ மெஷினு. எம்புட்டு தடவ வெளிய தள்ளியும் உங்க பேரு போகமாட்டேன்னுட்டு."

அவர் வந்து திரையைப் பார்த்தார். மங்கிய வெளிச்சத்தில் தன் பெயரை விரலால் தொட்டார். நான் பெருமையோடு, "அக்கா, இப்ப நீங்களே ரெண்ட அழுத்தி வெளிய போட்டுருங்க" என்றேன். எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்தினார். நான் மூன்றை அழுத்தினேன்.

உள்ளே இருப்பவர்: மாரியம்மாள்.

ஆள் இதோ நிற்கிறார். அப்படியானால் உள்ளே இருப்பது யார்? அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இன்னும் உள்ளதான் இருக்கேன் போல பாப்பா" என்றார். சிரித்தார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

"இருந்துட்டுப் போகட்டும்மா. அவசரம் ஒண்ணுமில்ல. மெதுவா வரட்டும்" என்று மாமா சொல்லும்போதே திரை அணைந்தது. மாமா போன் போட்டு அத்தையை வரவழைத்தார். இருவருமாக அவரை மடவார் வளாகத்தில் வீடு வரை கொண்டுபோய் விட்டார்கள். அத்தை அன்று அங்கேயே தங்கினாள். ஒரு வழி தப்பின ஆளுக்கு இவ்வளவு உபசாரமா என்று அம்மாவிடம் கேட்டு, குட்டு வாங்கினேன்.

மறுநாள் உட்கார்ந்து பேயைப் பிடித்தேன். ஒன்றல்ல, இரண்டு பிழை. வெளியே அனுப்பும் லூப் ஒரு மாரியம்மாளை அனுப்பச் சொன்னால் அந்தப் பெயரில் இருக்கிற அத்தனை பேரையும் எண்ணிக்கையிலிருந்து கழித்துவிட்டிருந்தது. இராஜபாளையத்து அம்மாள் வேனில் ஏறியபோது இவரும் கழிந்துபோனார். ஆனால் எண்ணிக்கை குறைந்தாலும் பெட்டியில் இருக்கும் பெயர் அழியாது. வேறொருவர் வந்து உட்காரும்வரை அங்கேயே கிடக்கும். காலையில் முதல் ஆளாக ஏறிய பெயர் அப்படித்தான் லாபத்தில் நின்றது. பட்டியல் காட்டும் லூப்பிலோ நான் ஒரு சமக்குறியை அதிகமாகப் போட்டிருந்தேன். எண்ணிக்கை தீர்ந்த பிறகும் அது ஒரு பெட்டியைக் கூடுதலாகத் திறந்து பார்த்தது. ஒரு பிழை அவரைத் தொலைத்தது, இன்னொரு பிழை கண்டெடுத்தது. இன்று பிறர் எழுதும் புரோகிராமில் பிழை பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்தச் சமக்குறியை மட்டும் முதலிலேயே நான் சரியாக எழுதியிருந்தால், அன்று ஐந்து மணிக்கு மாமா கேட்டைப் பூட்டியிருப்பார்.

அன்றைக்கு எனக்கு அந்த நினைப்பெல்லாம் இல்லை. இரண்டையும் திருத்தி எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். மூன்றை அழுத்திக் காட்டினேன். ஒருவரும் இல்லை என்று வந்தது. மாமா வெகுநேரம் பார்த்தார்.

"பழசையே போட்டுக் குடுட்டி."

"அது தப்பு மாமா! ஆள் இல்லாட்டியும் ஒரு ஆள் இருக்குன்னு சொல்லும்."

"சொல்லட்டும். லாபத்துல ஒரு ஆளு எப்பவும் நிக்கட்டும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் என்ன பேசுவது? கோபத்தோடு பழையதையே போட்டுக் கொடுத்தேன். விடுமுறை முடிந்ததும் மடிக்கணினி அக்காவின் துணிக்குள் போய்விட்டது. மாமா நோட்டுக்குத் திரும்பினார்.

பொங்கல் விடுமுறையில் மறுபடி போனேன். நோட்டைப் புரட்டினால் ஒவ்வொரு நாளும் எல்லா வரியும் அடிபட்டிருந்தது, முதல் வரி மட்டும் அப்படியே இருந்தது. மூன்று மாதமாக இப்படி மறந்திருக்கிறாரே என்று பதறி, ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் எடுத்து, ஒரு பக்கம் விடாமல் அத்தனை முதல் வரிகளையும் நேராக அடித்து முடித்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி.

மாமா வந்து பார்த்தார். திட்டவில்லை. "கோடு நல்லா நேராப் போட்டிருக்க" என்றார். ஐந்து மணி ஆனதும் டார்ச்சையும் கம்பையும் எடுத்தார்.

"எங்க மாமா?"

"செத்த நேரம்ட்டி. உள்ள ஒரு ஆளு இருக்கு, கசம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாரேன்."

"ஒருத்தரும் இல்ல மாமா! எல்லா வரியும் அடிச்சாச்சு, நான்தான் அடிச்சேன்!" என்று கத்தினேன்.

அவர் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் பாதையில் இறங்கினார். இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் இந்த மனிதருக்கு ஒரு பட்டியல் படிக்கத் தெரியவில்லையே என்று அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டு நான் நோட்டை மூடி வைத்தேன்.