ரோசலிக்காக நான் நேர்ந்துகொண்டது

என் மனைவி ரோசலியின் இடது மார்பில் இரண்டு கட்டிகள் இருந்தன. அவற்றைக் கண்டுபிடித்தவர், அவள் மார்பைப் பெரிதாக்குவதற்காக நானே தேடிப்பிடித்த டாக்டர்.

பங்கு மக்களே, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் சாகக்கூடாது என்பதால் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் குடியிருந்தோம். பட்டப்படிப்பு முடித்து, துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் எழுத்தராக இருந்தேன். கப்பல்காரர்கள் விட்டுப்போகும் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்து என் கண் கெட்டது. ரோசலி ஒல்லியானவள். "உனக்கு ஒன்றுமே இல்லையே" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அவள் சிரிக்கமாட்டாள். எண்ணெய் போன்ற ஒரு மருந்தை ஊசியில் ஏற்றிப் பெரிதாக்கலாம் என்று கேள்விப்பட்டதும், பட்டணத்தில் அதைச் செய்யும் டாக்டரிடம் அவளை அழைத்துப்போனேன்.

அவர் தொட்டுப் பார்த்தார். "சதை கெட்டியாக இருக்கிறது. கட்டியும் இருக்கிறது. பரவாயில்லை சார், மருந்து ஏறிவிட்டால் வெளியே தெரியாது" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆம், நிம்மதி. அதுதான் என் பாவம்.

ரோசலி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தாள். பஸ்சில் என்னிடம் கேட்டாள். "உள்ள கீறது இன்னான்னே தெரியல. மூடி வெச்சா பூடுமாங்க?"

அந்தக் கேள்வி என்னை அறைந்தது. மறுநாளே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த பெண் டாக்டர், இரண்டு கட்டிகளையும் அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றா இல்லையா என்று தெரியக் காத்திருக்கச் சொன்னார்.

தவக்காலம் அது. நானும் செபித்தேன். "ஆண்டவரே, அவளுக்கு ஒன்றும் வரக்கூடாது" என்பேன். அதற்கு மேல் வார்த்தை வராது. ரோசலி கட்டோடு படுத்திருந்தபடி, "மாதாவுக்கு மாரு நேர்ந்துகினேன். ஒண்ணு வாங்கினு வாங்க" என்றாள்.

கோவில் வாசலில், நேர்ச்சைக்கென்று தகட்டில் செய்த கை, கால், கண் எல்லாம் விற்கும் அம்மாளை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். அவள் தட்டில் மார்பும் இருந்தது. ஆனால் எனக்குப் பின்னால் அலுவலக நண்பர்கள் இருவர் நின்றார்கள். "இருதயம் ஒன்று கொடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

ரோசலி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு இருதயம் நல்லாத்தான் கீது. நீங்க வெச்சுக்கங்க."

கோபமில்லாமல்தான் சொன்னாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவள் மார்பு சிறியது என்று சொல்லக் கூசாத என் வாய், அது நோயுற்றிருக்கிறது என்று சொல்லக் கூசியிருக்கிறது.

திரும்பப் போனேன். வாசலில் கூட்டம். "அம்மா, மார்பு ஒன்று கொடுங்கள். என் மனைவிக்கு" என்று உரக்கக் கேட்டேன்.

"அட நைனா, இத கேக்கவா ரெண்டு நடை? அதுல பால் குடிச்சித்தானே நீயும் வளந்தே?" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவள் ஒரு மெழுகுவத்தியைச் சும்மா கொடுத்து, "போ, போய் மாதாகிட்ட அழு" என்றாள்.

மாதாவின் பாதத்தில் இரண்டையும் வைத்தேன். மார்பு அவளுக்கு, இருதயம் எனக்கு. "அம்மா, என் ரோசலியின் மார்பில் புற்று இருக்கக்கூடாது. உம் மகனிடம் கேளும். அவள் மார்பு எப்படி இருக்கிறதோ அப்படியே எனக்குப் போதும்" என்றேன். நோயின் பெயரை நான் செபத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை.

புனித வாரத்தில் முடிவு வந்தது. சாதாரணக் கட்டிகள். பெண் டாக்டர் ரோசலியிடம், "உனக்கு இயல்பிலேயே சதை அடர்த்தி. இன்னும் கட்டி வரலாம். மாதாமாதம் நீயே தொட்டுப் பார்க்கவேண்டும்" என்றார். என் பக்கம் திரும்பி, "அந்த மருந்து ஏறியிருந்தால், எது மருந்து எது கட்டி என்று எந்தக் கையும் சொல்லியிருக்காது" என்றார். கடவுள் என் செபத்தைக் கேட்பதற்கு முன்பே, ரோசலியை அந்த ஊசி டாக்டரின் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டிருந்தார்.

தையல் போட்ட இடம் குழிந்துபோனது. "முன்னைக்கும் கொறஞ்சி பூட்ச்சே, இன்னா செய்யப் போறீங்க?" என்று கேட்டாள். நான் அந்தத் தழும்பில் நெற்றியை வைத்து அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பத்திரிகைகள் அன்றே அடுப்புக்குப் போயின.

சகோதரர்களே, உங்கள் வீட்டில் ஒருத்தி சொல்லாமல் வைத்திருக்கும் வலி இருக்கலாம். கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பிறகு முழந்தாளிட்டு, நோயின் பெயரைக் கூசாமல் சொல்லிக் கேளுங்கள். செவிகொடுத்துக் கேட்கிற ஆண்டவருக்கு வெட்கம் கிடையாது.

இதை எழுதி ரோசலியிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "என்ன பத்தி போதும். உங்கள திட்டி இன்னும் ரெண்டு வரி சேத்துக்கங்க" என்றாள். அவள் குரல் இன்னும் என் வீட்டில் கேட்கிறது. ஆண்டவருக்கு நன்றி.