இன்ஸ்பெக்டர் தாடை

எந்த முகத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அவள் பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். தன் முகத்துக்கு மட்டும் எதுவும் பொருந்தாது என்பது அவள் முடிவு. குற்றவாளி தாடைதான். சதுரமாக, வம்புக்கு வருவது போல முன்னால் வந்து நிற்கும். போட்டோ என்றாலே கை தானாக அதை மூடப் போய்விடும். அப்படியே அம்மாவின் தாடை. அம்மா தையல் ஆலையில் மேற்பார்வை பார்க்கிறவள். அந்தத் தாடைக்காகவே ஆலையில் அவளுக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

மகள் திருநங்கை. என்னதான் பார்த்துப் பார்த்து உடுத்தினாலும் கடைக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து “சார்” என்பார்கள், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அவளுக்கு அலுத்துவிட்டது. முகத்தைப் பெண் முகமாக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாள். நெற்றி எலும்பை இழைப்பார்கள், தாடையைக் குறுக்குவார்கள்.

குடும்பத்துப் பெண்கள் யாருடைய படமாவது வேண்டும் என்றார் டாக்டர். ரத்த உறவின் சாயல் இருந்தால் முகம் இயல்பாக இருக்குமாம். அவள் அத்தையின் கல்யாணப் படத்தைக் கொடுத்தாள். அப்பாவின் தங்கை, கண்ணுபடும் அழகு. அம்மாவுக்கும் அத்தைக்கும் ஏழாம் பொருத்தம். யார் படத்தைக் கொடுத்தாய் என்று அம்மா கேட்டபோது, “உன்னோடதுதாம்மா” என்று கூசாமல் சொன்னாள். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளே, தன் முகத்தைப் பார்த்துத்தான் செய்யப்போகிறார்கள் என்று ஆலை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கட்டுப் போட்ட தலை வழியாகத் துணி மாட்ட முடியாதே என்று அம்மா முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிகளாகத் தைத்துத் தள்ளினாள். தலையை உயர்த்திப் படுக்கத் தலையணைகளை அடுக்கினாள். மெல்ல முடியாது என்பதால் எல்லாவற்றையும் கூழாக அடிக்கப் பழைய மிக்சியைப் பழுது பார்த்தாள். ஒவ்வொரு பட்டனும் மகளை முள்ளாகக் குத்தியது. உண்மையைச் சொல்லிவிட வாயெடுப்பாள், அம்மா அளவெடுக்க நாடாவோடு வந்து நிற்பாள், அத்தோடு சரி.

கடைசி ஆலோசனைக்கு வீட்டார் ஒருவர் வந்தே ஆக வேண்டும் என்றார்கள். அம்மாதான் வந்தாள். டாக்டர் கணினித் திரையைத் திருப்பினார். அத்தை மணக்கோலத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். தாடையை இந்தச் சாயலுக்குக் கொண்டுவரப் போவதாக அவர் வெள்ளந்தியாக விளக்கினார். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது மகளுக்கு. அம்மா திரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு வீக்கம் எப்போது வடியும், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் கேட்டாள்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் மகள் உடைந்துபோனாள்.

“பொய் சொல்லிட்டேம்மா. உன் முகம் வேண்டாம்னு சொல்ல வாய் வரல.”

“என் படத்தைக் கொடுத்திருந்தா, இப்பவே அப்படித்தானே இருக்கேன்னு டாக்டர் திருப்பி அனுப்பியிருப்பார்,” என்றாள் அம்மா. “இந்தத் தாடையை வச்சுக்கிட்டு, நான் பொம்பளைதான்னு யார்கிட்டயும் சொல்ல வேண்டி வந்ததில்லடி எனக்கு. உனக்குத் தினம் வருது. அது எனக்குப் புரியாதா? ஆனா, போயும் போயும் அவ படத்தையா கொடுக்கணும்?”

தாடை போவதற்குள் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா கைப்பேசியை எடுத்து, பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்த பெண்மணியிடம் கொடுத்தாள். அந்தப் பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மாவும் பொண்ணுமா? அப்படியே உரிச்சு வச்சிருக்கே.”

முன்பின் தெரியாத ஒருவர் தன்னைப் பொண்ணு என்று தானாகச் சொல்லி மகள் அதுவரை கேட்டதில்லை. சொல்ல வைத்தது அந்தத் தாடை. அம்மா முகவாயை நிமிர்த்திக்கொண்டாள்.

“அதுக்காகத் தேதியை மாத்திடாதே. தைச்ச நைட்டியெல்லாம் வீணாப் போயிடும்.”

அவள் தேதியை மாற்றவில்லை. படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. அம்மா வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். பக்கத்தில் மகள், வழக்கம்போல, கையால் தாடையை மூடியிருக்கிறாள்.