மூன்று ஊருக்கு ஓர் ஓவியத் தலைவி

சுதந்திரம் கிடைத்த கையோடு நாட்டில் பள்ளிக்கூடங்கள் மளமளவென்று திறந்தன. சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. அதனால் மலாக்காவில் நான் வேலை பார்த்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை அவசர அவசரமாக அகலப்படுத்தினார்கள். புதுக் கட்டடம் கட்ட யாருக்கும் பொறுமை இல்லை, கிடைத்த இடத்தில் வகுப்பு வைத்தார்கள். பண்டார் ஹிலிரில் கடலைப் பார்த்திருந்த பழைய கட்டடம் தலைமை இடம். செமாபோக்கில் பட்டாளம் காலி செய்துவிட்டுப் போன தகரக் கொட்டகைகள் இன்னோர் இடம். அதற்கும் மேல் மூவாரில் ஒரு பள்ளிக்கூடம் காலை வகுப்பு முடிந்ததும் எங்களுக்கு இரவல் கொடுத்த அறைகள்.

இந்த மூன்றுக்கும் ஓவியப் பகுதித் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பலேறியதும் முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"மூணு இடத்துக்கும் இனி நீங்கதான் தலைவர்."

"எனக்கு அறை எது சார்?"

"தலைவருக்கு எதுக்கு அறை? நீங்க எப்பவும் சுத்திக்கிட்டுத்தானே இருக்கப் போறீங்க."

முதல்வர் எப்போதும் இங்கிலீஷில்தான் பேசுவார். நான் தமிழில் சொல்லும்போது அவர் பேச்சில் கொஞ்சம் அறிவு கூடியிருக்கலாம், அதற்கு நான் பொறுப்பல்ல. ஓவியம் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: விருந்தாளி வந்தால் மேடை ஜோடனை. பாட்டு வாத்தியார் நாற்காலி தூக்காமல் தப்பித்தாலும் தப்பிப்பார், ஓவிய வாத்தியார் ஏணி ஏறாமல் தப்பிக்க முடியாது.

அன்று காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் துறைமுகத்துச் சுங்க அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி.

"எத்தனை பேரை மேய்க்கணும்?" என்றார்.

"மூணு பேரு."

"மூணே பேரா?"

"மூணு ஊர்ல."

"மாடு மேய்க்கிறவனுக்காவது மாடுங்க ஒரே இடத்துல நிக்கும்," என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அந்த மூவரில் மூத்தவர் பண்டார் ஹிலிரில் இருந்தார். அவர் எப்போதோ ஒரு பயிற்சிக்காக லண்டன் போய்விட்டு வந்தவர். போனது ஒரு குளிர்காலம். திரும்பி வந்ததிலிருந்து வாழ்நாள் முழுக்க அந்தக் குளிர்காலத்திலேயே தங்கிவிட்டார். மலாக்கா வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, பயிற்சி மாணவர்களை இலையில்லாத மரமும் பனி மூடிய கூரையும் வரையச் சொல்லுவார். அந்தப் பிள்ளைகள் நாளைக்கு ரப்பர் தோட்டப் பள்ளியிலும் கம்பம் எனும் மலாய்க் கிராமத்துப் பள்ளியிலும் போய் நிற்க வேண்டியவர்கள். பனியை அவர்கள் கடையில் சீவிக் கொடுக்கும் ஐஸ் கச்சாங்கில் தவிர எங்கும் பார்த்ததில்லை.

நான் ஒருநாள் நல்லவிதமாகவே சொன்னேன். "இலை உதிர்ந்த மரம்தான் வேணும்னா இங்கேயே இருக்கே சார். மாசி மாசத்துல ஆயர் குரோ பக்கம் ரப்பர் காட்டுக்குப் போனீங்கன்னா ஒரு மரத்துல இலை இருக்காது. கூட்டிட்டுப் போய் வரையச் சொல்லுங்களேன்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது வியாபார மரம்மா," என்றார்.

தலைவர் பதவி தனக்கு வந்திருக்க வேண்டியது என்பது அவர் எண்ணம். அதை அவர் மறைக்கவும் இல்லை. நல்ல வர்ணங்களும் தூரிகைகளும் இருந்த அலமாரியின் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. செமாபோக்குக்குக் கொஞ்சம் நீலம் வேண்டும் என்று கேட்டால், சாவி வீட்டில் இருக்கிறது என்பார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது அவர் இடுப்பில் கிணுகிணுக்கும்.

செமாபோக்கில் ஓர் அம்மாள். அவர் கையில் காகிதம் அகப்பட்டால் அது ரோஜாப் பூவாகாமல் தப்பாது. கிரேப் காகிதத்தில் ரோஜா, டிஷ்யூவில் செம்பருத்தி, மிட்டாய் சுற்றிய காகிதத்தில்கூட ஏதோ ஒரு பூ. அவர் வகுப்புக்கு வெளியே நின்றால் கத்தரிக்கோல் சத்தம்தான் கேட்கும். நான் வரைதல் பற்றிப் பேசினால் தலையை ஆட்டிக்கொண்டே கம்பியை வளைத்துக்கொண்டிருப்பார். எங்கள் பகுதிக்கே பிடித்த சாபம் அந்த அம்மாள்தான் என்று நான் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறேன்.

மூவாருக்குப் போவது தனிப் பாடு. பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், லாரிகளோடு லாரியாகப் படகில் ஏறி அக்கரை சேர வேண்டும். பாலம் வராத காலம். அங்கே இருந்த இளைஞர் நான் எதைச் சொன்னாலும் "நல்ல யோசனை டீச்சர்" என்பார். அதோடு அந்த யோசனையின் ஆயுள் முடிந்துவிடும்.

இப்படி இருக்கையில், கோலாலம்பூரிலிருந்து கல்வித் துறையின் பெரிய அதிகாரி ஒருவர் கல்லூரியைப் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. முதல்வருக்குக் காய்ச்சல் வந்தது போல் ஆகிவிட்டது. மண்டபத்து முன்சுவரை நிறைக்கிற மாதிரி நம் நாட்டின் காட்சி ஒன்று பெரிதாக வரைய வேண்டும், அதை மூன்று இடமும் சேர்ந்து வரைய வேண்டும், ஆளுயரப் பலகை ஆளுக்கு ஒன்று, அன்றைக்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்திவிடலாம் என்றார். யோசனை கேட்க நன்றாகத்தான் இருந்தது. மூவரையும் வரவழைத்துக் கூட்டம் போட்டார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. "வானமும் தரையும் சேர்ற கோடு மூணு பலகையிலயும் ஒரே உயரத்துல இருக்கணும். நானே கயிறு பிடிச்சுச் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தர்றேன். அதுக்கு மேல அவங்கவங்க இஷ்டம்."

லண்டன்காரர் நாற்காலியில் சாய்ந்தார். "கோடு போட்டுக் கொடுத்து வரையச் சொன்னா அது பள்ளிக்கூடப் பிள்ளை வேலை. கலைஞனுக்குச் சுதந்திரம் வேணும்."

அந்த நாளில் அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், முதல்வரைப் போன்றவர்கள் எழுந்து நிற்காத குறைதான். "அதானே! நாட்டுக்கே சுதந்திரம் வந்தாச்சு. நம்ம ஆளுங்களுக்கு ஒரு பலகையில சுதந்திரம் கொடுக்கக் கூடாதா?" என்றார்.

செமாபோக் அம்மாள் கூட்டத் தாளின் ஓரத்தைப் பூவாக மடித்துக்கொண்டிருந்தார். மூவார் இளைஞர் என் யோசனையும் நல்ல யோசனை, லண்டன்காரர் யோசனையும் நல்ல யோசனை என்றார். கூட்டம் முடிந்தது.

விழாவன்று காலையில் பலகைகள் வந்து சேர்ந்தன. மண்டபத்தில் நிறுத்திப் பார்த்தோம். இடது பலகையில் லண்டன்காரரின் பச்சைப் புல்வெளி, தூரத்தில் ஒரு வீடு, அதற்குப் புகைபோக்கி. நடுவில் செமாபோக்கின் வயல், ஓர் எருமை, அதற்குப் பின்னால் கடல். கடல் எருமையின் முழங்கால் உயரத்தில் இருந்தது. லண்டன்காரரின் பலகையிலிருந்து வளைந்து வந்த பாதை, பலகை மாறியதும் நேராக எருமையின் வயிற்றுக்குள் போயிற்று. வலது பக்கம் மூவார். அங்கே கடல் பலகையின் உச்சியில் இருந்ததால், பக்கத்துப் பலகையின் தென்னை மரங்களுக்கு மேலே ஒரு கப்பல் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

"சார், மூணையும் மூணு சுவத்துல மாட்டிடலாம். தனித்தனியாப் பார்த்தா குறை தெரியாது," என்றேன்.

"மூணையும் மூடுற திரைச்சீலை ஒண்ணாத் தைச்சாச்சே," என்றார் முதல்வர்.

ஆக, திரைச்சீலைக்காக நாட்டைத் தியாகம் செய்தோம்.

அதிகாரி வந்தார். மெலிந்த, அலுத்துப்போன முகம் உள்ள மனிதர். கயிற்றை இழுத்தார்கள், சீலை விலகியது, கைதட்டினார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"புதுமையா இருக்கே," என்றார் கடைசியில்.

அவ்வளவுதான், லண்டன்காரர் முன்னால் வந்துவிட்டார். "இது இப்போ மேல்நாட்டுல நடப்புல இருக்கிற முறை சார். ஒரே காட்சியை மூணு நோக்குல பார்க்கிறது. பார்க்கிறவங்க மனசுல அது சேரணும்." முதல்வர் பக்கத்தில் நின்று, எல்லாம் தான் சொல்லிக்கொடுத்தது போலத் தலையாட்டினார். மூவார் இளைஞரும் ஆட்டினார்.

அதிகாரி திரும்பி, "இந்தப் பகுதிக்கு யார் தலைவர்?" என்று கேட்டார். முதல்வர் என்னைக் காட்டினார்.

"கப்பல் ஏன் தென்னை மரத்துக்கு மேலே போகுது?"

எனக்கு அந்த நேரத்தில் தைரியம் என்று ஒன்றும் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. புகைபோக்கியையும் அந்த விளக்கத்தையும் ஒரே காலையில் என்னால் விழுங்க முடியவில்லை.

"அளவு பார்க்காம வரைஞ்சதால சார்," என்றேன். "மூணு இடமும் ஒரு கோட்டுக்கு ஒத்துக்கலை."

முதல்வரின் முகம் சாம்பல் பூத்தது. அதிகாரி என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "எங்க அலுவலகத்துலயும் இதே கதைதான்," என்றார். அவர் சிரித்ததும் முதல்வர் சிரித்தார். முதல்வர் சிரித்ததும் மண்டபமே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. பிறகு எல்லாரும் கறிப்பாப் பலகாரம் தின்னப் போனோம்.

அடுத்த வாரம் முதல்வர் கூப்பிட்டார். "உங்களுக்குப் பாவம் அலைச்சல் ஜாஸ்தி. குடும்பத்தையும் பார்க்கணும்." இனிமேல் லண்டன்காரர் தலைவர் என்றார். என் குடும்பத்தின் மேல் அவருக்கு அதற்கு முன்னும் பின்னும் அக்கறை வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து பையை எறிந்தேன். "அலைச்சல் மிச்சம்னு நெனச்சுக்க," என்றார் என் வீட்டுக்காரர். அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை. எனக்கு அந்தப் பதவி பிடித்திருந்தது என்பதே அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த முட்டாள்களுக்கு மேலே இருப்பது பிடித்திருந்தது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

பண்டார் ஹிலிரில் அந்த மனிதருக்குக் கீழே இருக்க மாட்டேன் என்று செமாபோக்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். காகிதப் பூ அம்மாளோடு ஒரே கொட்டகை. மாணவர்களை வெளியே கூட்டிப்போய் வரைய வைத்தேன். கடற்கரைச் சேற்றில் படகு கிடப்பதை வரைந்தார்கள். ஒருமுறை காஜா பேராங்குக்கே அழைத்து வந்தேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த கம்பத்தில் பல தலைமுறைக்கு முன்பே வந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டிகள் குடியிருந்தார்கள். சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேசுவது மலாய். வாசலில் உட்கார்ந்து பிள்ளைகள் தன் வீட்டை வரைவதைப் பார்த்த ஓர் அம்மாள் உள்ளே ஓடி, புதுச் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். வீட்டைத்தான் வரைகிறார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாருமாக அவரையும் சேர்த்து வரைந்தார்கள்.

மழைக்காலத்தில் தகரக் கூரையின் கீழே பாடம் நடத்த முடியாது. கத்தினாலும் கேட்காது. அப்படி ஒரு பின்நேரம், மாணவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க, காகிதப் பூ அம்மாள் ஒரு பென்சிலை எடுத்து எதிரே தூங்கி விழுந்துகொண்டிருந்த பையனை வரைய ஆரம்பித்தார். நான் பின்னால் போய் நின்றேன். கழுத்து தொங்குவதும், வாய் லேசாகத் திறந்திருப்பதும், கையிலிருந்து நழுவப்போகிற புத்தகமும் சில கோடுகளில் வந்துவிட்டன. எங்கள் பகுதியில் அப்படி வரையக்கூடியவர் வேறு யாரும் இல்லை. நானும் இல்லை.

காதருகே குனிந்து கத்தினேன். "இவ்வளவு நல்லா வரைவீங்கன்னு ஏன் சொல்லவே இல்ல?"

"யார் கேட்டா?" என்று அவரும் கத்தினார். "வந்த அன்னைக்கே பூ செய்யத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னேன். அதோட சரி."

"அந்த எருமை?"

"அது பிள்ளைங்க போட்டது. அவங்களுக்கும் சுதந்திரம் கொடுத்தேன்."

அதற்குள் லண்டன்காரருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. நாடு முழுக்கப் பள்ளிகளின் ஓவியப் பாடத்தை மேற்பார்வை பார்க்கும் வேலை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தக்கை எப்போதும் மேலேதான் மிதக்கும். பிரிவு விழாவில் அவர் கண்கலங்கிப் பேசினார், நான் கறிப்பாப் தின்றேன்.

முதல்வர் மறுபடி என்னைக் கூப்பிட்டார். இந்த முறை நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். "பழையபடி நீங்களே தலைமை எடுத்துக்குங்க. அன்னைக்கு நடந்ததை நான் மனசுல வெச்சுக்கலை."

பெரிய மனசு. எனக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு வேண்டாம் சார். செமாபோக் அம்மாளைப் போடுங்க."

"அந்தப் பூக்காரம்மாவையா?"

"அவங்களையேதான்."

அவருக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. பூச் செய்கிறவர் தலைவரானால் மேடைக்குப் பஞ்சமே வராது என்று கணக்குப் போட்டிருப்பார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அந்த அம்மாள் வாய் திறக்காதவர், என் சொல்படி நடப்பார் என்று.

இரண்டு பேர் கணக்கும் பொய்த்துப்போனது. தலைவரான வாரமே அவர் பண்டார் ஹிலிர் அலமாரியின் பூட்டைக் கழற்றி எறிந்தார். மேடை ஜோடனைக்கு ஆள் கேட்டு வந்த முதல்வரிடம், எங்கள் ஆட்கள் வகுப்பில் இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். பிறகு ஒருநாள் கொட்டகைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"டீச்சர், மூவார்ல ஒழுங்கா யாரும் சொல்லிக் கொடுக்கலை. அங்கே உள்ள தம்பியை இங்கே எங்கிட்ட வரச் சொல்லிட்டேன். நீங்க அங்கே போங்க."

"நானா? அவ்வளவு தூரம்?"

"வேற யாரு இருக்கா? நீங்கதான் எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போய் வரையச் சொல்றவங்க. அங்கே ஆறு இருக்கு, படகு இருக்கு."

மறுக்க ஒரு காரணம் தேடி முடிப்பதற்குள் அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை லாரிகளுக்கு நடுவில் படகில் நின்றபடி அந்த அம்மாளை மனதாரத் திட்டிக்கொண்டே ஆற்றைக் கடந்தேன். அவர் அனுப்பியது சரி என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கோபத்தை இன்னும் கிளப்பியது.