ஊர் வரியில் தீபன் பெயர்

எங்கள் குப்பத்தில் வரி வசூலிக்கிறவன் நான். பெயர் திருமுருகன். நான் வாங்குவது அரசாங்க வரி இல்லை, ஊர் வரி. திருவொற்றியூர்க் கடற்கரையில் எங்கள் குப்பத்து ஆண் ஒவ்வொருவனும், சம்பாதிக்க ஆரம்பித்த வருஷத்திலிருந்து ஊருக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். கட்டினால் அவன் ஊர்க்காரன். அவன் கடலில் இருக்கிறானா, துபாயில் இருக்கிறானா, புழல் ஜெயிலில் இருக்கிறானா என்று ஊர் கேட்காது. வரி வந்ததா என்று மட்டும்தான் கேட்கும்.

ஆடித் திருவிழாவில் அம்மன் கோயில் வாசலில் வரிக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு தேங்காய் மூடியும் குங்குமமும் கொடுப்போம். கூப்பிட்டதும் "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்று குரல் கொடுக்க வேண்டும். கூப்பிடுகிறவன் நான். மைக் தேவைப்படாத தொண்டை என்பதால் இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். திட்டு வாங்குவதும் நான்தான். அதிகமாகத் திட்டியவள் மங்கை அக்கா.

"மீன் விக்கிறது பொம்பள, வூட்ட பாக்குறது பொம்பள, வரி மட்டும் ஆம்பள பேருல போடுவீங்களா? நல்லா கீதுடா உங்க நாயம்!" என்று சொல்லிக்கொண்டே, இடுப்புப் பையிலிருந்து ஈரமான நோட்டுகளை எடுத்து மகன் பெயரில் கட்டிவிட்டுப் போவாள்.

அவள் பிறந்தது காசிமேட்டில். எங்கள் குப்பத்து ரகுபதியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். வந்த புதிதிலேயே வாய்க்காரி என்று பெயர் வாங்கினாள். விடியலில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறி, எர்ணாவூர் பக்கம் தெருத்தெருவாக விற்பாள். மீன் சின்னதாக இருக்கிறதே என்று யாராவது முகம் சுளித்தால், "உன் துட்டுகூடத்தான் சின்னதா கீது, நான் எதுனா சொன்னேனா?" என்பாள். அப்படியும் அவளிடம்தான் வாங்குவார்கள். கெட்ட மீனை அவள் ஒருநாளும் விற்றதில்லை.

ரகுபதி சாது. சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் டயாலிசிஸ் என்று அலைந்து போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே பிள்ளை தீபன். அவனைக் கடலுக்கு அனுப்பமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். புருஷனின் பைபர் போட்டை விற்ற பணத்தில் ஒரு ரூபாயைக்கூட அவள் தொடவில்லை. அப்பன் படகு மகனுக்கு என்பது எங்கள் வழக்கம். அதனால் அதை பாங்கில் டெபாசிட் போட்டாள். முதல் பெயர் தீபன், இரண்டாவது பெயர் அவள். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனை இழுத்துப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாள். எதற்கு என்று அவன் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. பிறகு மீன் விற்று மிஞ்சியது, அவன் ஹூஸ்டனுக்கு வேலைக்குப் போய் அவள் செலவுக்கு என்று அனுப்பியதில் மிச்சம், எல்லாம் அங்கேயே போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுத்து, அவன் திரும்பி வருகிற அன்று சாவியைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய கனவு. அந்தக் கனவு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

அவன் அமெரிக்கா போன முதல் ஆடியில் நான் "தீபன்!" என்று கூப்பிட்டேன். கூட்டத்துக்கு நடுவில் மங்கை அக்கா போனை உயர்த்திப் பிடித்தபடி, "கீறான்!" என்று கத்தினாள். ஊரே சிரித்தது. அங்கே அவனுக்குக் காலை நேரம். அவனும் சிரித்தானாம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் இது நடந்தது. தன் பெயர் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் வேலைக்குக் கிளம்புவான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. மங்கை அக்கா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். எனக்குச் சுருக்கென்றது. இனிமேல் இவன் எங்கே திரும்பப் போகிறான் என்று நினைத்தேன், ஆனால் லட்டை வாங்கித் தின்றேன். அவளுக்கோ பெருமை தாங்கவில்லை. டீக்கடைக்காரனிடம் சொன்னாள், ஆட்டோக்காரனிடம் சொன்னாள். போன வருஷம் பாங்கில் கணக்கு விவரங்களைப் புதுப்பிக்கக் கூப்பிட்டபோது அங்கேயும் போய்ச் சொன்னாள். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"என் புள்ள அமெரிக்கா சிட்டிசன் ஆயிட்டான்மா. இனிமே அந்த ஊர்ல ஓட்டுகூட போடுவான்."

கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த அதிகாரி நவ்ரீன் சின்னப் பெண். கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படின்னா இதுல அவர் கையெழுத்து வேணும்மா. அமெரிக்கக் குடிமக்கள் பேர்ல இருக்கிற கணக்கு விவரத்தை நாங்க மேல சொல்லணும். அங்கிருந்து அவங்க நாட்டுக்குப் போகும். அவர் அங்க வரி கட்டுற நம்பரும் எழுதணும்."

நல்ல பெண். அவள் வேலையை அவள் செய்தாள். மங்கை அக்கா அந்தப் படிவத்தைப் படம் எடுத்து, பெரிய பரிசு அனுப்புகிற மாதிரி மகனுக்கு அனுப்பினாள். ரகசியம் உடைந்தாலும் பரவாயில்லை, பிள்ளை சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலமே அவன் கூப்பிட்டான். நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"இன்னாம்மா இது? என் பேருல இவ்ளோ துட்டு கீதுன்னு ஏன் சொல்லவே இல்ல?"

"உனக்கு மாடி எடுக்கத்தான் நைனா. உங்க அப்பன் போட்டு வித்த துட்டும் அதுல கீது."

பிறகு மெதுவாகச் சொன்னான். அமெரிக்காக்காரன் ஆனவன், உலகத்தில் எந்த மூலையில் தன் பெயரில் பாங்க் கணக்கு இருந்தாலும், அது ஒரு அளவைத் தாண்டினால் வருஷா வருஷம் அந்த அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும். வரும் வட்டிக்கு அங்கேயும் வரி உண்டு. அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்த நாளிலிருந்தே அவன் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்குக் கணக்கு இருப்பதே தெரியாது, அதனால் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் அபராதம் வரலாம். அது டெபாசிட்டையே விழுங்கும் அளவுக்குப் போகலாம்.

"நான் நாளைக்கே வேலைய வுட்டுட்டு நம்ம வூட்ல வந்து குந்திகினாலும், சிட்டிசனா கீற வரைக்கும் இவங்களுக்குக் கணக்கு சொல்லிகினேதாம்மா இருக்கணும்."

எனக்கு எரிச்சல் வந்தது. இது என்ன அநியாயம், ஆள் இங்கே வந்துவிட்டால் அமெரிக்காவுக்கு என்ன என்று கேட்டேன். மங்கை அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அநியாயம் இன்னா கீது முருகா? ஊருன்னா அப்டித்தான். நீ மட்டும் இன்னா பண்றே? அவன் எங்க கீறான்னு பாத்தா வரி வாங்குறே?"

பிறகு போன் பக்கம் திரும்பினாள்.

"பாங்குக்குப் போயி உன் பேர எடுத்துடட்டுமா நைனா?" என்று அவள் கேட்டாள்.

"வேணாம்மா. கணக்கைத் தொடாத. ஆடிட்டர் சொல்ற வரைக்கும் ஒன்னும் பண்ணாத. பேஜாரு பெருசாயிடும்." சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. "பயமா கீதும்மா" என்றான். சின்ன வயதில் ஜுரம் வந்தால் பேசுவானே, அந்தக் குரல்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளை அரித்தது. கூடையைத் தொடவில்லை, அடுப்பு மூட்டவில்லை. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகள் மேல் போய் உட்கார்ந்துகொண்டு அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்று செய்ததே பிள்ளையின் கழுத்தைப் பிடித்துவிட்டது. யாரிடம் போய்ச் சண்டை போடுவாள்? ஏலக்காரனிடம் போடலாம், என்னிடம் போடலாம். அமெரிக்காவிடம் போட முடியுமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பஞ்சாயத்து கூடியிருந்தது. பெண்கள் பொதுவாக வரமாட்டார்கள். மங்கை அக்கா தலைக்குக் குளித்துவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றாள். வரியிலிருந்து பெயரை எடுக்க வருகிறவர்கள்தான் அப்படி வருவார்கள்.

எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு. ஒருவனுக்கு ஒரே ஊர் வரிதான், இரண்டு ஊரில் இருக்கக்கூடாது. முன்பு பிரகாஷ் என்கிறவன் எண்ணூர்ப் பக்கம் பெண் எடுத்து, மாமனார் குப்பத்திலேயே தங்கி அங்கே வரி கட்டினான். இங்கேயும் பெயரை வைத்திருந்தான். அந்த ஊர்க்காரர்கள் அவனுக்கு அபராதம் போட்டார்கள். அவன் அம்மா வந்து இங்கே பெயரை எடுத்த பிறகுதான் அபராதத்தைத் தள்ளுபடி செய்தார்கள். மங்கை அக்கா அதை மறக்கவில்லை.

தட்டைக் கோயில் படியில் வைத்தாள். "என் புள்ள தீபன் இனிமே இந்த ஊரு ஆளு இல்ல. அவன் பேர எடுத்துடுங்க" என்றாள்.

நான் எழுந்து கத்தினேன். "யாருக்கா உன்ன இத்த செய்யச் சொன்னது? அவனா கேட்டான்?"

"அவன் கேக்கல. பாங்க்ல கை வைக்காதன்னுட்டான். என் கையில கீறது இது ஒன்னுதான். ரெண்டு ஊர்ல பேரு கீதுன்னுதான அமெரிக்காக்காரன் அவன புடிச்சிகினான்? இங்க எடுத்துட்டா அங்க வுட்டுடுவான்."

"அக்கா, அவங்களுக்கு நம்ம ஊரு வரியப் பத்தி ஒன்னுமே தெரியாது. அது வேற, இது வேற."

"உனக்கு இன்னா தெரியும்? பெத்தவ நான் சொல்றேன்."

தலைவர் செங்குட்டுவன் நல்லவர். நிதானமாகக் கேட்டார். "நல்லா ரோசன பண்ணிகினியாம்மா? ஒருக்கா எடுத்துட்டா, அவனே நேர்ல வந்து அம்மன் முன்னாடி நின்னு கேட்டாத்தான் திரும்ப சேக்க முடியும்."

"பண்ணிகினேன்" என்றாள். சொன்னதையே மறுபடியும் சொன்னாள். அதன்பின் ஊருக்கும் வேறு வழி இல்லை. வெற்றிலையைத் தலைவர் எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். ரகுபதி செத்தபோது ஊர் கேட்க ஒப்பாரி வைத்தவள், அன்று சத்தம் வெளியே வராமல் அழுதாள்.

சில மாதம் கழித்துத் தீபன் கூப்பிட்டான். ஆடிட்டர் பழைய வருஷங்களையெல்லாம் சேர்த்து எழுதிக்கொடுத்தாராம். தெரியாமல் விட்டவர்களுக்கு என்று ஒரு வழி இருக்கிறதாம். கொஞ்சம் வரி, கொஞ்சம் அபராதம், அவ்வளவோடு போயிற்று. இனி வருஷா வருஷம் சொல்லிவிட்டால் போதும், கணக்கு அப்படியே இருக்கலாம், மாடியும் எடுக்கலாம் என்றான்.

போனை வைத்துவிட்டு மங்கை அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஜெயித்துவிட்ட முகம்.

"பாத்தியாடா? பேர எடுத்தேன், வுட்டுட்டான்."

இல்லை அக்கா, பெயரை எடுக்காமல் இருந்திருந்தாலும் விட்டிருப்பான் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. பிறகு நானும் விட்டுவிட்டேன். அவள் கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை என்று நிரூபித்து நான் என்ன சாதிக்கப் போகிறேன்? பெயர் எடுத்ததை மகனுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தெரிந்தால் ஓடி வந்து திரும்பச் சேர்த்துவிடுவான், திரும்பச் சேர்த்தால் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவள் பயம்.

இந்த ஆடி வந்தது. கோயில் வாசலில் நல்ல கூட்டம். நான் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தேன். மங்கை அக்கா வழக்கமான இடத்தில், வழக்கம்போல் போனோடு நின்றாள். அவன் அங்கே காத்துக்கொண்டிருக்கிறான். அவன் வீட்டு வரிசை நெருங்கியது. பக்கத்து வீட்டு லட்சுமணன் பெயரைக் கூப்பிட்டேன். அடுத்து வர வேண்டியது வரவில்லை. அதற்கு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அந்த இடைவெளியில் அவள் போனை மார்போடு அழுத்தி, உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பிறகு எடுத்துக் காதில் வைத்தாள்.

"கூப்டாங்க நைனா. கீறான்னு சொன்னேன். உனக்குக் கேக்கலியா? தாரை தப்பட்டை சத்தத்துல கேட்டிருக்காது" என்றாள். அந்த நேரம் மேளம் அடிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வாடா கண்ணு, வா" என்று சொல்லி வைத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள். கையில் தேங்காய் மூடி இல்லை.

"அடுத்த ஆடிக்கு வரானாம் முருகா. டிக்கெட் போடப் போறானாம். என் பேர கூப்டும்போது நானே கீறேன்னு சொல்றேம்மா, இந்த வாட்டி நீ சொல்லாதன்றான்."

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கு அவன் காதுக்கு மட்டும் கேக்குற மாதிரி அவன் பேர ஒருக்கா கூப்டுறியா? ஊருக்குக் கேக்க வேணாம். மெதுவா."

சரிக்கா என்றேன். எனக்கு மெதுவாகக் கூப்பிடத் தெரியாது.