புடவைக் கடைக்கு மேலே ஒரு சர்வர் அறை

பதுளை டவுனில் மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கும். ரஷீத் நானாவின் புடவைக் கடைக்குள் நுழைந்து, படியேறி, மேல்மாடிக் கதவைத் திறந்தால் அப்புத்தளைக் காலை மாதிரிக் குளிர் முகத்தில் அடிக்கும். கூடவே ஃபேன்களின் ஓயாத இரைச்சல்... கீழேயிருந்து ஏறி வரும் புதுத்துணி வாசனை.

அந்த அறையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் முதல் வேலை. கிளவுட் வந்ததால் எவ்வளவு செலவு மிச்சம் என்று ஒரு நண்பர் நேற்று இந்தக் குழுவில் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து அந்த அறை ஞாபகமாகவே இருக்கிறது.

தெமோதரையிலிருந்து பஸ்ஸில் வருவேன். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்ணுக்கு ஏசி அறையில் உத்தியோகம் என்றதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்வெட்டர் வாங்கக் காசு கேட்டபோது அப்பாதான் கிண்டலடித்தார். "அங்க என்னத்தா அப்படிக் குளுரு? கொழுந்து மலையிலயா நிக்கப் போற?"

நானா என்றால் அண்ணன்; அந்த நானாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. வியாபாரம் தெரியும். தோட்டங்களின் சம்பளக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. மடுல்சீமைப் பக்கம் ஒரு மழை பெய்தால் கரண்ட் போய்விடும், வர நாளாகும். "ஒங்கட கணக்க எங்கட மெஷின்ல வைங்க, ஜெனரேட்டர் ஈக்கு, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிச் சொல்லியே சில தோட்டங்களைப் பிடித்துவிட்டார். வருட வாடகை. நன்றாகத்தான் ஓடியது.

அப்புறம்தான் அவருடைய புடவைக்கடைப் புத்தி குறுக்கே வந்தது.

தீபாவளிக்குத் தோட்டங்களில் அட்வான்ஸ் கொடுப்பார்கள் இல்லையா... அதற்கு வெகுநாள் முந்தியே நானா கொழும்புக்குப் போய்ச் சரக்கெடுத்து அடுக்கிவிடுவார். கடைசி நேரத்தில் ஓடுகிறவன் வியாபாரியே இல்லை என்பது அவர் கட்சி. சர்வர் மெஷினையும் அப்படியே வாங்கினார். இருந்த தோட்டங்களுக்கு ஒன்றே தாராளம். வரப்போகிற தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரு ரேக் நிறைய இறக்கினார். பண்டாரவளையில் மகள் ஸம்ஹாவுக்கு வீடு கட்ட வைத்திருந்த காணியை விற்ற காசு அது.

"நானா, ஆளு வந்ததுக்கப்புறம் வாங்கலாமே" என்றேன்.

"மொதல்ல சரக்கு ஈக்கணும் தங்கச்சி. வெறுங்கடைக்கு யாரு வருவா? இந்த மெஷின் காணியத் திருப்பித் தரும், பாருங்க. வீட்டையும் கட்டித் தரும்."

விற்காத புடவையை அடுத்த தீபாவளிக்கு விற்கலாம். சர்வர் அப்படியில்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதா மாதம் அதன் விலை இறங்கிக்கொண்டே போகும். இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு வாயும் இல்லை, வயதும் இல்லை.

ஒருநாள் கொழும்பிலிருந்து தோட்டக் கம்பெனியின் கணக்காளர் வந்தார். நல்ல மனிதர்தான். நானா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"நாங்க கிளவுடுக்குப் போறோம் நானா, வெளிநாட்டுல ஈக்கிற மெஷின இன்டர்நெட் வழியா வாடகைக்கு எடுக்கிறது. சம்பளம் போடுற ரெண்டு மூணு நாளைக்குத்தான் எங்களுக்கு மெஷின் வேணும். அங்க அந்த நாளைக்கு மட்டும் கட்டுனாப் போதும்."

"அப்ப மிச்ச நாளைக்கு?"

"மிச்ச நாளைக்கு நாங்க ஏன் கட்டணும், சொல்லுங்க?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எங்கள் தோட்டத்திலும் அப்போது இதே பேச்சுதான். நிரந்தரத் தொழிலாளியாகப் பேர் பதிய வேண்டாம், கொழுந்து இருக்கிற நாளைக்கு மட்டும் அன்றன்றைக் கைக்காசுக்கு வந்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். கணக்கில் பிழையே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒவ்வொரு தோட்டமாகக் கைவிட்டுப் போனது. பிரிக்காத பெட்டிகளையாவது விற்கலாம் என்று நானா கொழும்பெல்லாம் அலைந்தார். மாடல் பழசு என்று எல்லோரும் கைவிரித்தார்கள். கடைசியில் பழைய இரும்பு வாங்குகிறவன் லொறியோடு வந்து, எல்லாவற்றையும் நிறுத்து எடுத்துக்கொண்டு போனான். பண்டாரவளைக் காணி அந்த லொறியில்தான் போனது.

நான் கீழே துணி மடிக்கும் வேலைக்கு இறங்கினேன்.

அப்புறம் டாலர் ஏறியது. நாடே பெட்ரோல் கியூவில் நின்றது. கிளவுட் பில் வருவதோ டாலரில். அதே கணக்காளர் நானாவுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"நானா... அந்த மெஷினெல்லாம் இன்னும் இருக்குதா?"

"இல்ல சேர். வித்திட்டேன்" என்றார் நானா.

என்ன விலைக்கு என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, காத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்குப் பள்ளிக்கூட வெள்ளைத் துணி வெட்டினார். துணி கோணலாகப் போனது. அந்த மனிதர் கோணலாக வெட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது நான் கொழும்பில் ஒரு கம்பெனியின் கிளவுட் செலவைக் கவனிக்கிறேன். சும்மா ஓடுகிற மெஷின்களைத் தேடி அணைப்பதுதான் வேலை. அவை எந்த நாட்டில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது. அணைத்தால் யாருக்கும் வலிப்பதில்லை. பில் குறைந்தால் மீட்டிங்கில் கை தட்டுகிறார்கள். நானும் அங்கே கொந்தராத்துக்குத்தான், ஒப்பந்தக் காலம் வரைக்கும்தான் இருக்கிறேன்... எனக்கும் ஒருநாள் யாராவது கணக்குப் பார்ப்பார்கள்.

போன மாதம் பதுளைக்குப் போயிருந்தேன். அந்த மேல்மாடி அறையில்தான் ஸம்ஹா புருஷனோடும் கைக்குழந்தையோடும் குடியிருக்கிறாள். ஏசிக் குளிர் வெளியே போகக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஜன்னலைச் சிமெந்துப் புளொக் கல் வைத்து அடைத்திருந்தோம். அதை இன்னும் யாரும் உடைக்கவில்லை.

"வாங்க அக்கா, இரிங்க" என்று சொல்லி, பட்டப்பகலில் லைட்டைப் போட்டாள்.