புயலுக்குப் பின் கிணற்றடியில் நின்ற புவனேஸ்வரி ரீச்சர்

சென்ற செவ்வாய்க்கிழமை பருத்தித்துறை பஸ் நிலையத்தில் பழைய மாணவர் ஒருவர் என்னைக் கண்டு ஓடி வந்தார். “மாஸ்டர், புவனேஸ்வரி ரீச்சர் மோசம் போயிட்டா” என்றார். அடுத்த பஸ்ஸில் செத்தவீட்டுக்குப் போனேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரவெட்டிக்கு அருகே, நான் கணிதம் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை அவர். நெட்டையானவர்; வகுப்பறைக்கு வெளியே கேட்கும்படி சிரிப்பார். அநியாயத்தைக் கண்டும் காணாததுபோல் இருக்கத் தெரியாதவர்.

பல வருடங்களுக்கு முன், பெரும் புயல் அடித்த ஒரு மார்கழியில் கடல் ஊருக்குள் ஏறியது. வள்ளங்கள் தெருவில் கவிழ்ந்து கிடந்தன. கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. நல்ல தண்ணீர் தேடிக் குழந்தைகளோடு நடந்து வந்த குடும்பங்களுக்கு, ரீச்சர் யாரையும் கேட்காமல் வகுப்பறைகளைத் திறந்துவிட்டார்.

மறுநாள் காலை பள்ளிக் கிணற்றில் வாளியும் இல்லை, கயிறும் இல்லை. பள்ளியை நிறுவிய குடும்பத்துப் பெரியவர், நெற்றி நிறைய விபூதியோடு, இரண்டையும் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். எதிரே, கரையிலிருந்து வந்திருந்த அன்னமுத்து, இடுப்பில் குழந்தையோடு. அவரின் கணவரைக் கடல் கொண்டுபோயிருந்தது.

“பிள்ளைக்கு நா வறளுது ஐயா, கொஞ்சம் தண்ணி அள்ளவிடுங்கோ.”

“உவை தொட்டால் நாளைக்கு ஆர் இந்தக் கிணத்திலை குடிக்கிறது? எங்கடை ஆக்கள் வந்து ஊத்துவினம், கையேந்திக் குடிக்கட்டும்” என்றார் பெரியவர், என்னைப் பார்த்து.

ரீச்சர் விறுவிறுவென்று வந்தார்.

“புருஷனைப் பறிகுடுத்திட்டு நிக்கிறாள். உங்களுக்குத் தீட்டு ஞாபகம் வருதோ? எனக்கு உங்களைப் பாக்க ஓங்காளிக்குது!”

வாளியை எடுத்து அன்னமுத்துவிடம் நீட்டினார். “நீயே அள்ளு, பிள்ளை.” அன்னமுத்து அள்ளிய தண்ணீரை, குழந்தை குடித்த பின், எல்லோரும் பார்க்க ரீச்சர் தானும் குடித்தார்.

அந்தக் குடும்பங்கள் திரும்பிப் போன அன்றே பெரியவரின் ஆட்கள் கிணற்றை வற்ற இறைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கரையில் குழந்தைகள் உப்புத் தண்ணீர் குடித்து வயிற்றோட்டத்தில் கிடக்க, இங்கே நல்ல தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. இன்று நினைத்தாலும் குமட்டுகிறது.

பிறகு மேலிடத்துக்குப் பெட்டிசங்கள் பறந்தன. ரீச்சரைப் பண்டத்தரிப்புக்கு மாற்றினார்கள். சொந்தத் தமையனே அவர் வீட்டில் கை நனைப்பதை நிறுத்தினார். வழியனுப்பப் போன நான் அவர் துணிவைப் புகழ்ந்தேன்.

“துணிவும் இல்லை, ஒண்டும் இல்லை மாஸ்டர். வயித்தைப் பிரட்டினது. உங்களுக்குப் பிரட்டேல்லையோ?” என்றார்.

செத்தவீட்டில் அதே பெரியவர் இரங்கலுரை ஆற்றினார். “புயல் அடிச்ச நேரம் எங்கடை கிணத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டனாங்கள். அதுக்குத் துணையா நிண்டவ ரீச்சர்” என்றார், வாய் கூசாமல். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

அன்னமுத்துவும் கரையோரப் பெண்களும் படலைக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வரும்படி ஒருவரும் சொல்லவில்லை. பாடை படலையைத் தாண்டியதும் அன்னமுத்து குறுக்கே வந்தார்.

“தொடாதை!” என்று பெரியவர் கத்தினார்.

பாடையின் முன்கொம்பு என் தோளில் இருந்தது. நான் நின்றேன், மற்றவர்களும் நிற்க வேண்டியதாயிற்று. அன்னமுத்து ரீச்சரின் பாதங்களை இரு கைகளாலும் பற்றி, முகத்தை அவற்றில் வைத்து அழுதார். அவர் அழுது முடியும்வரை நாங்கள் நகரவில்லை.

“போயிட்டு வாங்கோ, ரீச்சர்” என்றார் அன்னமுத்து.

நானும் அதையே சொல்கிறேன்.